கம்பெனி நிஜம், கூப்பிட்ட ஆள் நிஜமில்லை: காட்பாடி ஜெராக்ஸ் கடைக்கு வந்த ஒரு வேலைக் கடிதம்

காட்பாடியில் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் பாதி வருமானம் ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட் அவுட், லேமினேஷன், அப்புறம் கையில் ரொக்கம் கொடுப்பவர்களுக்கு என் போனிலிருந்து பணம் அனுப்பிக் கொடுப்பது, இதிலிருந்துதான் வருகிறது. அந்தக் கடைசி வேலையால்தான் இந்த விவகாரத்துக்குள் நான் வந்து மாட்டினேன். பணம் என் கணக்கிலிருந்து போக வேண்டியதாக இல்லாவிட்டால், வந்த கடிதத்தைக் கலரில் ரெண்டு பிரதி போட்டு, வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருப்பேன். அதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆறு மணி இருக்கும். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒரு வருடம் ஆகிறது, அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். காட்பாடியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்த இடத்தில் போனுக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது, அப்படியே கடைக்கு வந்துவிட்டார்கள். ஒரு பிரதியை லேமினேட் பண்ணச் சொன்னார் அம்மா, சாமி படத்துக்கு முன்னால் வைக்க. அப்புறம் பையன் மெதுவாக, "அண்ணா, ஒரு 6,500 ரூபா ஜிபே பண்ணணும், காசு கையில இருக்கு" என்றான். எதற்கு என்றேன். யூனிபார்மும் சேப்டி ஷூவும், முதல் மாதச் சம்பளத்தோடு திருப்பித் தருவார்களாம், இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குள் கட்ட வேண்டுமாம். "கட்டலன்னா வேற ஆளுக்குப் போயிடுமாம்பா" என்று அம்மா சேர்த்துச் சொன்னார். அந்தப் பணம் மகளிர் குழுவில் வாங்கியது.

கடிதத்தில் இருந்தது ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை, ஏனென்றால் இதில் அவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை. மும்பையில் தலைமை அலுவலகம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு யூனிட். வேலை குவாலிட்டி இன்ஸ்பெக்டர், சம்பளம் 27,500, வரும் திங்கட்கிழமை ஜாயினிங். டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்கிற பையனுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் அவ்வளவு கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதை அந்த அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? "பெரிய கம்பெனி, கொடுப்பான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சரி, என் பணம் போகிறதே, ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். இங்கேதான் நான் சறுக்கினேன்.

கடிதத்தின் அடியில் சிஐஎன் நம்பர் இருந்தது. கம்பெனிச் சட்டப்படி பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இருக்கும் 21 இலக்க அடையாளம் அது. முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச் சந்தையில் இருப்பது, 'யு' என்றால் இல்லாதது. அடுத்த ஐந்து எண்கள் தொழில் வகை, அப்புறம் மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, பதிவான ஆண்டு நான்கு எண், பிறகு பிரைவேட்டா பப்ளிக்கா என்று மூன்று எழுத்து, கடைசியில் ஆறு எண் பதிவு எண். இந்த நம்பரை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் போட்டால் பெயர், முகவரி, கம்பெனி உயிரோடு இருக்கிறதா மூடிவிட்டார்களா எல்லாம் வரும். போட்டேன். வந்தது. ஆண்டு சரி, மகாராஷ்டிரம் என்று காட்டும் 'எம்எச்' சரி, நிலை 'ஆக்டிவ்'.

அப்புறம் ஜிஎஸ்டி நம்பர். 15 இலக்கம், முதல் இரண்டும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, மகாராஷ்டிரத்துக்கு 27. கடிதத்தில் இருந்தது 27. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் நம்பர், அதனால் ஜிஎஸ்டி நம்பரின் ஆறாவது எழுத்தைப் பார்த்தாலே கம்பெனியா தனி ஆளா என்று தெரிந்துவிடும், 'சி' என்றால் கம்பெனி, 'பி' என்றால் தனி நபர். இதில் 'சி'. ஜிஎஸ்டி தளத்தில் லாகின் எதுவும் இல்லாமலே தேடலாம், தேடினேன், அதே பெயர் வந்தது. அவ்வளவுதான், நாற்காலியைத் திருப்பி, "கம்பெனி ஜென்யூன்தான் தம்பி" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். இதை எழுதும்போதுகூட அந்தக் கும்பிடுதான் உறுத்துகிறது.

பணம் அனுப்பப் போனில் யுபிஐ ஐடியை அடித்தேன். அனுப்புவதற்கு முன்னால், யாருக்குப் போகிறது என்று வங்கியில் பதிவான பெயரைத் திரையில் காட்டுமே, அங்கே கம்பெனி பெயர் இல்லை. ஏதோ ஒரு தனி ஆளின் பெயர். பையனைக் கேட்டேன். "ஹெச்ஆர் மேடம் சொன்னாங்கண்ணா, அக்கவுண்ட்ஸ் ஆபீசரோட ஐடியாம்" என்றான். ஆயிரக்கணக்கான பேருக்குச் சம்பளம் போடுகிற கம்பெனி, ஷூ காசை ஒரு ஆபீசரின் சொந்தக் கணக்கில் வாங்குமா? எனக்குக் கை நின்றுவிட்டது. அப்போதுதான் இன்னொன்றையும் சொன்னான். புதன்கிழமையே 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்று 1,850 ரூபாய் கட்டியாயிற்று, அது வேறொரு ஆளின் ஐடி.

நான் பார்த்தது எல்லாமே ஒரே ஒரு கேள்விக்கு: இப்படி ஒரு கம்பெனி இருக்கிறதா? இருக்கிறது. அதை ஏமாற்றுகிறவனும் என்னைப் போலவே அதே தளத்தில் பார்த்துத்தான் அந்த நம்பர்களைக் கடிதத்தில் ஒட்டியிருக்கிறான். நான் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி: இந்தக் கடிதத்தை அனுப்பினது அந்தக் கம்பெனிதானா? இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் படித்தவர்களே மாட்டுகிறார்கள். சிஐஎன் பார், ஜிஎஸ்டி பார் என்று சுற்றுகிற வாட்ஸ்அப் அறிவுரை எல்லாம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. இல்லாத கம்பெனியின் பெயரில் ஏமாற்றியதெல்லாம் பழைய காலம். இப்போது ஏமாற்றுகிறவனுக்கு நல்ல பெயருள்ள, நன்றாகப் பதிவான, கூகுளில் தட்டினால் உடனே வந்து நிற்கிற கம்பெனிதான் வேண்டும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு என்னவெல்லாம் பார்த்தோம் என்று சொல்கிறேன்.

முதலில் மெயில். அனுப்பியவர் பெயர் கம்பெனி பெயராகத்தான் தெரிந்தது, அதைத் தொட்டு உள்ளே பார்த்தால்தான் முகவரி தெரியும். '@' குறிக்குப் பிறகு கம்பெனி பெயர், ஒரு சின்னக் கோடு, அப்புறம் 'கேரியர்ஸ்', அப்புறம் புள்ளி 'இன்'. நிஜக் கம்பெனியின் தளத்தில் அந்தக் கோடும் இல்லை, கேரியர்ஸும் இல்லை. இணைய முகவரியை வலது பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு காலேஜ் பையன் சொல்லிக் கொடுத்தான். கடைசிப் புள்ளிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் உண்மையான உரிமையாளர் ('கோ டாட் இன்' என்று முடிந்தால் அதற்கு முன்னால் நிற்பது), அதற்கும் இடதுபுறம் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் வெறும் அலங்காரம். வீட்டு நம்பரை விட்டுவிட்டு வாசல் தோரணத்தைப் பார்த்து வீட்டை அடையாளம் சொல்வது மாதிரி நாம் இடதுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த முகவரியை 'ஹூ இஸ்' தேடலில் போட்டேன். எந்தத் தள முகவரியும் எந்தத் தேதியில் வாங்கப்பட்டது என்று அதில் வரும், காசு கிடையாது. அந்த முகவரிக்கு வயசு 19 நாள். சிஐஎன் நம்பரில் இருக்கும் ஆண்டு 1980களைச் சேர்ந்தது. அவ்வளவு பழைய கம்பெனி 19 நாளுக்கு முன்னால் ஒரு புது முகவரி வாங்கி அதிலிருந்து குடியாத்தத்துப் பையனுக்கு லெட்டர் அனுப்புமா?

அடுத்து அந்தக் கடிதம். பிடிஎஃப் கோப்பில் 'பிராப்பர்டீஸ்' என்று ஒன்று உண்டு, அதில் தலைப்பு, உருவாக்கிய தேதி, சில சமயம் உருவாக்கியவர் பெயர்கூட இருக்கும். இதில் தலைப்பு இருந்த இடத்தில் சம்பந்தமே இல்லாத வேறொரு கம்பெனியின் பெயர்! பழைய கடிதத்தைத் திறந்து பெயரை மாற்றிச் சேமித்தவன் தலைப்பை மாற்ற மறந்துவிட்டான். முகவரியில் 'ராணிப்பேட்டை, வேலூர் மாவட்டம்' என்று வேறு இருந்தது. 2019-ல் வேலூரை மூன்றாகப் பிரித்தபோதே ராணிப்பேட்டை தனி மாவட்டமாகிவிட்டது. இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது, எங்கள் ஆட்களே இன்னும் அப்படித்தான் எழுதுகிறார்கள், எங்கள் தாத்தாவைக் கேட்டால் கடைசி வரை வடாற்காடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் எங்கேயோ பழைய பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டியது என்று சந்தேகம் வந்தது.

இன்டர்வியூ எப்படி நடந்தது என்று கேட்டேன். வாட்ஸ்அப் காலில் பத்து நிமிடம், வீடியோ இல்லை. பெயர், ஊர், படிப்பு, 'டீம் ஒர்க் தெரியுமா' என்று கேட்டிருக்கிறார்கள். மெக்கானிக்கல் பையனிடம் வெர்னியர் காலிப்பரைப் பற்றிக்கூட ஒரு கேள்வி இல்லை. குவாலிட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறவன் அளவெடுக்கத் தெரியுமா என்று கேட்காமல் இருப்பானா? முக்கால் மணி நேரத்தில் 'செலக்டட்' என்று மெசேஜ். இவன் நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றால், வேலைத் தளங்கள் நாலைந்திலும், டெலிகிராமில் ஒரு வேலைவாய்ப்புக் குழுவிலும் ரெஸ்யூமேவைப் போட்டு வைத்திருக்கிறான். அதில் அப்பா பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கிறது. பக்கத்து யூனிட்டிலேயே போஸ்டிங் என்று அவர்கள் சொன்னது இதைப் பார்த்துத்தான். பெங்களூர் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா யோசித்திருப்பார். ராணிப்பேட்டை என்றதும், தினம் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நம்பிவிட்டார்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. கடிதம் வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம், பணத்துக்குக் கெடு அன்று ராத்திரி எட்டு, ஜாயினிங் திங்கள். கம்பெனி அலுவலகத்துக்குப் போன் பண்ணி விசாரிக்கலாம் என்றால் ஆபீஸ் முடிந்த நேரம், சனி ஞாயிறு மும்பையில் யாரும் எடுக்க மாட்டார்கள். நமக்குச் சரிபார்க்க வழியே இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கெடு வைத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அதற்குப் பிறகு கடைக்கு இப்படி வந்த இன்னும் இரண்டு கடிதமும் வெள்ளி சாயங்காலம்தான் வந்தன, தற்செயலாகவும் இருக்கலாம்.

பணம் அனுப்பவில்லை. எட்டு மணிக்கு அந்த 'ஹெச்ஆர் மேடம்' கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டோம். கம்பெனி லேண்ட்லைன் நம்பர் கொடுங்கள், திங்கட்கிழமை நாங்களே பேசிக்கொள்கிறோம் என்று நான் சொன்னதும், குரல் மாறிவிட்டது. "உங்க பையனுக்கு வேலை வேணுமா வேண்டாமா?" என்றார். அப்புறம் ஆறாயிரத்து ஐநூறை மூவாயிரமாகக் குறைத்தார். யூனிபார்முக்குப் பேரம் பேசுகிற மும்பைக் கம்பெனியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இவ்வளவு ஆன பிறகும் அந்த அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "ஒருவேளை நிஜமா இருந்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வியோடு அவரை வீட்டுக்கு அனுப்ப எனக்கும் இஷ்டமில்லை. சனிக்கிழமை காலை பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவலம் வழியாக ராணிப்பேட்டைக்குப் போனேன். மும்பை அலுவலகம் மூடியிருக்கும், சிப்காட் கேட் மூடியிருக்காதே, ஷிப்ட் ஓடும்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி ரிட்டயர்ட் மிலிட்டரிக்காரர், எங்கள் பக்கத்தில் இது சகஜம். கடிதத்தை வாங்கினார், முழுசாகப் படிக்கக்கூட இல்லை. "இந்த மாசம் நீங்க நாலாவது ஆள் தம்பி" என்றார். எப்படி சார் பார்த்ததும் சொல்கிறீர்கள் என்றேன். யூனிட்டின் பெயரே தப்பு, அந்தப் பெயரை மாற்றிப் பல வருடமாகிறது, போர்டைப் பாருங்கள் என்று காட்டினார். நாங்கள் போர்டைப் பார்க்காமலே உள்ளே போக நின்றுகொண்டிருந்தோம். இன்டர்காமில் உள்ளே ஹெச்ஆரில் ஒரு அம்மாவோடு பேச வைத்தார். அப்படி ஒரு வேலைக்கு அவர்கள் ஆளே எடுக்கவில்லை, எடுத்தாலும் யாரிடமும் பணம் வாங்குவதில்லை, யூனிபார்ம் எல்லாம் சேர்ந்த பிறகு உள்ளே ஸ்டோரில் கொடுப்பது. கடிதத்தின் நகலை அனுப்பச் சொன்னார், அனுப்பினோம். கேட்டில் மொத்தம் பதினைந்து நிமிடம், பெட்ரோல் நூறு ரூபாய். முந்தின நாள் கம்ப்யூட்டரில் நான் ஒரு மணி நேரம் தட்டியதைவிட இது தெளிவாக இருந்தது. கம்பெனியின் கிளை பக்கத்தில் இருந்தால் நேரில் போய்விடுங்கள் என்றுதான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். தூரத்தில் இருந்தால், கடிதத்தில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள், அவன் எடுத்து 'ஆமாம், நிஜம்தான்' என்று சொல்வான். பட்டியலிடப்பட்ட கம்பெனியாக இருந்தால் ஆண்டறிக்கையில் பதிவு அலுவலகத்தின் முகவரி, தொலைபேசி எல்லாம் இருக்கும், அதை எடுத்துக் கேளுங்கள்.

போன 1,850-க்கு என்ன செய்தோம்? வெள்ளிக்கிழமை ராத்திரியே 1930-க்குக் கூப்பிட்டோம். பணம் போன இணைய மோசடிகளுக்கான நாடு முழுவதற்குமான உதவி எண் அது. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தேதி, தொகை, அனுப்பிய கணக்கு கேட்டார்கள். அப்புறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிந்து, கடிதம், சாட், பணம் போன ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஏற்றினோம். புதன் போன பணத்துக்கு வெள்ளி புகார், ரெண்டு நாள் லேட். சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு. தொகை சின்னது, விடு என்று பையன் சொன்னான். சின்னத் தொகை என்று எல்லோரும் விடுவதால்தான் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிப் பதிய வைத்தேன். சாட்டை அழிக்க வேண்டாம் என்றும் சொன்னேன், கோபத்தில் அழிக்கப் போனான்.

பணத்தைவிட எனக்குக் கவலையாக இருந்தது, அவன் கொடுத்திருந்த காகிதங்கள். ஆதார் இரண்டு பக்கமும், பான், மார்க் ஷீட், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், எல்லாமே வாட்ஸ்அப்பில் போயிருக்கிறது. திரும்ப வாங்க முடியாது. ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம், பூட்டினோம். தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அவன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்தோம், இரண்டு, இரண்டும் வீட்டில்தான் இருந்தன. அவன் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்கக் கடன் அறிக்கையை எடுக்கலாம், வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும். சில மாதம் கழித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் ஆதார் கொடுக்க வேண்டி வந்தால் முதல் எட்டு எண் மறைந்திருக்கும் 'மாஸ்க்டு' ஆதார் போதும் என்றும். 'சம்பளக் கணக்கு' என்று புதுக் கணக்கு திறக்க வைத்து ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கூரியரில் வாங்கிக்கொள்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அது இதைவிடப் பெரிய ஆபத்து. அடுத்தவனை ஏமாற்றிய பணம் நம் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் நம் வீட்டுக்கு வரும்.

இதற்கு நடுவில் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அக்கா வந்தார். அவர் கதை வேறு மாதிரி. வீட்டிலிருந்தே படிவம் டைப் அடிக்கிற வேலை, பணம் எதுவும் கேட்கவில்லை, ஆன்லைனில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும். ஐந்து நாளில் அத்தனை நூறு படிவத்தைப் பிழையில்லாமல் முடிக்க முடியாது, முடிக்கவும் இல்லை, உடனே 'வக்கீல் நோட்டீஸ்' வந்துவிட்டது, ஒப்பந்தத்தை மீறியதற்கு இத்தனை ஆயிரம் கட்டு, இல்லையென்றால் கோர்ட். நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அந்த அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். எந்த ஊர் கோர்ட், எந்த வக்கீல், பதிவு எண் என்ன என்று திருப்பிக் கேட்டு ஒரே ஒரு மெசேஜ் அனுப்ப வைத்தேன், பதிலே இல்லை. புகாரும் பதிந்தோம்.

இப்போது கதையின் இன்னொரு பாதி. அதே வாரத்தில் அந்தப் பையனுக்கு இன்னொரு வேலையும் வந்திருந்தது, அவன் அதை வேண்டாம் என்று சொல்லியிருந்தான். மேல்விஷாரம் பக்கம் ஷூவுக்கான சோல் செய்கிற ஒரு சின்ன யூனிட். தெரிந்தவர் மூலம் போன் வந்தது, "நாளைக்கு வந்து மெஷினைப் பாரு, சரிப்பட்டா திங்கட்கிழமையிலேர்ந்து வா" என்று ஓனர் சொன்னாராம். இணையதளம் இல்லை, கடிதம் இல்லை, மெயில் ஐடி ஜிமெயில், கம்பெனியாகப் பதியாததால் சிஐஎன் கிடையாது. "அது டூப்ளிகேட் மாதிரி தெரிஞ்சுதுண்ணா" என்றான். இணையத்தில் சுற்றுகிற எச்சரிக்கைப் பட்டியலை வைத்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி, அந்த யூனிட் எல்லாவற்றிலும் பெயில், மும்பைக் கடிதம் எல்லாவற்றிலும் பாஸ். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முழுக்கத் தோல் தொழிலில் பாதி இப்படித்தான் நடக்கிறது. தனி ஆள் பெயரில் ஓடுகிற யூனிட்டில் ஹெச்ஆர் மேடம் எங்கே இருப்பார்?

அதையும் பார்த்தோம். ஓனரிடம் கேட்டு ஜிஎஸ்டி நம்பரை வாங்கினான், தயங்காமல் கொடுத்தார். முதல் இரண்டு 33, ஆறாவது எழுத்து 'பி', தனி நபர், பதிவாகிப் பல வருடம், ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கல் ஆகியிருக்கிறது. அப்புறம் பிஎஃப் நிறுவனத்தின் தளத்தில் நிறுவனத் தேடல் ஒன்று உண்டு, நிறைய பேருக்குத் தெரியாது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பிஎஃப் கட்ட வேண்டும், கட்டுகிற நிறுவனத்தின் பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரும். போட்டோம், முப்பத்துச் சொச்சம் பேர், மாதாமாதம். ஆள் எடுக்கிறேன் என்று ஆயிரம் பேர் சொல்லலாம், எடுத்த ஆளுக்கு மாதாமாதம் பிஎஃப் கட்டியதைப் பொய்யாக ஜோடிக்கக் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும். ஒருவேளை அங்கேயும் யாராவது அந்த ஓனர் பெயரைச் சொல்லி ஏமாற்றினால்? அதற்குத்தான் நேரில் போய் மெஷினைப் பார்ப்பது. போனான், இவன் கையில் ஒரு சோலைக் கொடுத்துத் தடிமன் அளந்து காட்டச் சொன்னார்களாம்.

வெளிநாட்டு வேலையைப் பற்றி இரண்டு வரி, ஏனென்றால் பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து அந்தக் கடிதங்களும் கடைக்கு வருகின்றன. 1983-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்யாத ஏஜென்ட் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பக் கூடாது. பதிவு இருக்கிறதா என்று மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும், லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றாலும் அப்படியே. கம்போடியா, மியான்மர், லாவோஸ் பக்கம் 'டேட்டா என்ட்ரி' என்று கூட்டிப்போய், அடைத்து வைத்து, நம் ஊர் ஆட்களையே போனில் ஏமாற்ற வைத்த கதைகள் செய்தியில் வந்தவைதான். அரசாங்கத்திடமே கேட்க வேண்டுமென்றால், 1978-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. இங்கேயும் அதே இரண்டாவது கேள்விதான். பட்டியலில் இருக்கிற ஏஜென்ட்டின் பெயரைச் சொல்லி வேறு ஒருத்தன் பேசலாம், அதனால் பட்டியலில் இருக்கும் முகவரிக்கே போய்ப் பேச வேண்டும்.

பையன் மேல்விஷாரத்து யூனிட்டில் சேர்ந்துவிட்டான். சம்பளம் அந்தக் கடிதத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை. இரண்டாவது மாதம் பிஎஃப், ஈஎஸ்ஐ படிவத்துக்கு ஆதார் நகல் எடுக்கக் கடைக்கு வந்தான், மாஸ்க்டு நகல்தான் கேட்டான். படிவத்துக்கு முழு நம்பர் வேண்டும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். 1,850 இன்னும் வரவில்லை, புகாரின் நிலையைத் தளத்தில் பார்த்தால் 'விசாரணையில்' என்று இருக்கிறது. அந்த 'கேரியர்ஸ்' இணைய முகவரி இப்போது திறப்பதில்லை. அந்த அம்மா லேமினேட் பண்ணிய கடிதத்தை அன்றைக்கு ராத்திரி என் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார், காசு கொடுக்க வந்தார், வாங்கவில்லை.